மாறாத பட்டையைப் பார்த்தவர்

என் அக்கா மகளுக்கு உட்கார்ந்து படிக்க வராது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டேதான் படிப்பாள். அவள் 11ஆம் வகுப்பில் இருந்த ஆண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் என் வீட்டில் தங்கியிருந்தாள். அன்று அவள் வாயில் ஓடிக்கொண்டிருந்தது தசைச் சுருக்கம். ஐந்து மதிப்பெண் வினா. தடித்த இழை, மெல்லிய இழை, குறுக்குப் பாலம், கால்சியம், ஏடிபி என்று ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள்.

“சித்தி, புத்தகத்துல ஒரு ஹக்ஸ்லி இருக்கார். டியூஷன் நோட்ஸ்ல வேற இனிஷியலோட ஒரு ஹக்ஸ்லி இருக்கார். ரெண்டு பேரும் ஒரே ஆளா?”

எனக்குத் தெரியவில்லை. நானும் மேல்நிலையில் அறிவியல் பிரிவுதான், தமிழ்வழி. இதே விடையை இதே போல ஒப்பித்து மதிப்பெண் வாங்கிவிட்டு, கல்லூரியில் தமிழுக்கு வந்து சேர்ந்தவள். நோட்ஸை வாங்கிப் பார்த்தேன். ‘ஹக்ஸ்லி முதலியோர்’ என்று இருந்தது. ஆய்வேடுகளைத் திருத்தித் திருத்தி எனக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. எங்காவது ‘முதலியோர்’ என்று கண்டால் ஓரத்தில் பென்சிலால் ‘யார் யார்?’ என்று எழுதிவிடுவேன். அன்றும் எழுதினேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், சில மாதங்கள் தொல்காப்பியத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, விலங்கியல் துறைத் தோழியின் புத்தக அலமாரியே கதி என்று கிடந்தேன்.

ஹக்ஸ்லிகள் இரண்டு பேர். உறவினர்கள் அல்லர். ஆண்ட்ரூ ஹக்ஸ்லி பேர்பெற்ற குடும்பத்தவர். டார்வினுக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியின் பேரன். நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்குத் தந்தை வழியில் தம்பி, தாய் வேறு. நரம்பில் தூண்டல் எப்படிப் பாய்கிறது என்று கண்டறிந்ததற்காக 1963இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். மற்றவர் ஹியூ ஹக்ஸ்லி. இயற்பியல் படித்துவிட்டு எக்ஸ் கதிரோடும் எலக்ட்ரான் நுண்ணோக்கியோடும் தசைக்குள் நுழைந்தவர். 1954 மே 22ஆம் தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் தசையைப் பற்றி இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதல் கட்டுரை ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது. அடுத்தது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. தசை இழைகள் மடிவதில்லை, குறுகுவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று சறுக்கிப் போகின்றன என்ற கோட்பாடு அந்த இரண்டு கட்டுரைகளிலிருந்து பிறந்தது.

ஆக, நான்கு பேர். அவர்களில் ஒருவர் மட்டும் பெண். நம் பிள்ளைகள் படிக்கும் விடைகளில் சில சமயம் முதல் கட்டுரைக்காரர் இருவர் இருப்பார்கள், சில சமயம் இரண்டு ஹக்ஸ்லிகள் ஒருவராகக் கரைந்து இருப்பார்கள். நீடர்கெர்கே கூட அவ்வப்போது காணாமல் போவதுண்டு. ஹான்சனைத்தான் நான் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எம்மலைன் ஜீன் ஹான்சன் 1919 நவம்பர் 14 அன்று இங்கிலாந்தின் டெர்பிஷயரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. அவரே வளர்த்தார். லண்டனில் பெட்ஃபோர்டு கல்லூரியில் விலங்கியல் படித்து 1941இல் முதல் வகுப்பில் தேறினார். அந்தக் கல்லூரி, பெண்கள் உயர்கல்வி படிப்பதற்கென்றே எலிசபெத் ஜெஸ்ஸர் ரீட் என்ற பெண்மணி 1849இல் தொடங்கியது. போர்க்காலத்தில் ஹான்சன் கேம்பிரிட்ஜில் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் வேலை செய்தார். அந்த ஆய்வகத்தின் தலைவர் ஹானர் ஃபெல், அவரும் பெண். போர் முடிந்த பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜான் ராண்டால் அமைத்த உயிர் இயற்பியல் பிரிவில் சேர்ந்தார். இயற்பியலாளர்கள் நிறைந்த இடத்தில் உயிரியல் பகுதியைக் கட்டியெழுப்ப வேண்டிய வேலை அவருக்கு.

அதே பிரிவில்தான் 1951 முதல் 1953 வரை ரோசாலிண்ட் ஃபிராங்க்ளின் இருந்தார். டிஎன்ஏ கதையில் அவருக்கு நேர்ந்ததை இன்று நம் மாணவிகள் பேச்சுப்போட்டியில் பேசுகிறார்கள். மகிழ்ச்சிதான். அதே பிரிவில், அதே ஆண்டுகளில், இன்னொரு பெண் தசையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்தப் பேச்சுகளில் வருவதில்லை. அநீதி நாடகமாக நடந்தால் நமக்கு நினைவிருக்கிறது. சத்தமில்லாமல் நடந்தால் பெயரே போய்விடுகிறது. ஹான்சனிடமிருந்து யாரும் எதையும் திருடவில்லை. கட்டுரையில் அவர் பெயர் இருக்கிறது. 1953இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட முதல் கட்டுரையில் அவர் பெயர்தான் முன்னால்: ஹான்சன், ஹக்ஸ்லி. 1954இல் ஹக்ஸ்லி, ஹான்சன். பிறகு ஹக்ஸ்லி முதலியோர். பிறகு ஹக்ஸ்லி.

அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்வு வினாவே அதற்குள்தான் இருக்கிறது.

1953இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகை பெற்று ஹான்சன் அமெரிக்காவில் எம்ஐடி போனார். எலக்ட்ரான் நுண்ணோக்கி பழக வேண்டும் என்பது நோக்கம். அதே நோக்கத்தோடு கேம்பிரிட்ஜிலிருந்து ஹியூ ஹக்ஸ்லியும் அங்கு வந்திருந்தார். அவரிடம் தசையின் குறுக்கு வெட்டுப் படங்கள் இருந்தன. அவற்றில் இரண்டு வகைப் புள்ளிகள், தடித்தவையும் மெல்லியவையும், தேன்கூட்டின் ஒழுங்கில் அமைந்திருந்தன. ஹான்சனிடம் வேறொரு கைப்பழக்கம் இருந்தது. முயலின் தசையைக் கிளிசராலில் ஊறவைத்து, அரைத்துச் சிதைத்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள நுண்ணிழைகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுப்பார். கிளிசரால் செல்லின் சவ்வை அழித்துவிடும், தசையிலிருந்த ஏடிபியும் போய்விடும். ஆனால் சுருங்கும் பொறி மட்டும் பழுதாகாமல் நிற்கும். கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியின் கீழ் அந்த நுண்ணிழை கறுப்பும் வெளுப்புமாக, கைலித் துணியின் பட்டைகளைப் போலத் தெரியும். கறுத்தது ஏ பட்டை. வெளுத்தது ஐ பட்டை. ஐ பட்டையின் நடுவே ஒரு கோடு, அது இசட் கோடு. ஓர் இசட் கோட்டிலிருந்து அடுத்த இசட் கோடு வரை ஒரு சார்கோமியர்.

முதலில், மயோசின் என்ற புரதத்தை மட்டும் கரைத்தெடுக்கும் உப்புக் கரைசலை அந்த நுண்ணிழைகளில் செலுத்தினார்கள். ஏ பட்டையின் கறுப்பு போய்விட்டது. ஆனால் இழை அறுந்து விழவில்லை. மெலிதான ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆகவே தடித்த இழை மயோசின், அது ஏ பட்டையில் மட்டும் இருக்கிறது. மெல்லிய இழை ஆக்டின், அது இசட் கோட்டில் தொடங்கி ஐ பட்டையைக் கடந்து ஏ பட்டைக்குள்ளும் நுழைந்து நிற்கிறது. அடுத்து, ஏடிபி விட்டு நுண்ணிழையைக் கண்ணெதிரே சுருங்கவைத்துப் பட்டைகளை அளந்தார்கள். சார்கோமியர் குறுகியது. ஐ பட்டை குறுகிக் குறுகி மறைந்தே போனது. ஏ பட்டை மட்டும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு என்று இருந்த இடத்தில் இருந்தபடியே நின்றது. நீட்டிப் பார்த்தார்கள். அப்போதும் மாறவில்லை.

அதுவரை, தசைக்குள் இருக்கும் புரதம் ஸ்பிரிங்கைப் போல மடிந்து சுருள்கிறது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். அப்படியானால் மயோசின் இருக்கும் ஏ பட்டை அல்லவா முதலில் குறுகியிருக்க வேண்டும்? குறுகவில்லை. எதுவும் குறுகவில்லை. இரண்டு வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்தன, அவ்வளவுதான். அங்கே இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் தவளையின் உயிருள்ள தசைநாரில், ஆண்ட்ரூ தானே செய்துகொண்ட நுண்ணோக்கியில், இதையேதான் பார்த்தார்கள்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏ பட்டை மாறுவதில்லை என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே சிலர் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அப்படியே மறந்துபோனது. இதைப் பின்னாளில் விரிவாக எடுத்துக்காட்டியவர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லிதான். ஆண்கள் கண்டதும் மறக்கப்பட்டிருக்கிறது என்று இதை வைத்து எனக்கு யாராவது பதில் சொல்லலாம். மறுக்கவில்லை. அந்த மறதியைத் தேடி எடுத்துப் புத்தகம் எழுத ஒரு நோபல் பெற்றவர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இனி அந்த ஒரு மதிப்பெண் வினாவுக்கு வருவோம். தசை சுருங்கும்போது நீளம் மாறாமல் இருப்பது எது? நான்கு விடைகள், சரியானதைத் தேர்ந்தெடு. ஏ பட்டை. நான் எழுதினேன். அக்கா மகள் எழுதினாள். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் ஒவ்வொரு பெண்ணும் எத்தனை முறை எழுதியிருப்பாளோ. ஒரு பெண் இருட்டறையில் கண்ணாடிக்குக் கண் பொருத்தி அளந்த அளவைத்தான் நாம் எல்லோரும் வட்டமிட்டு வந்திருக்கிறோம். அவருடைய காட்சி அந்த வினாவில் முழுதாக இருக்கிறது. அவர் மட்டும் இல்லை.

நோட்ஸின் ஓரத்தில் ‘யார் யார்?’ என்று எழுதியது ஹான்சனோடு முடியவில்லை. அந்த ஐந்து மதிப்பெண் விடையை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் முதலில் யார் சொன்னது என்று தேடினேன்.

‘மயோசின் ஏடிபியைச் சிதைக்கிறது.’ 1939இல் மாஸ்கோவில் விளாதிமிர் எங்கல்ஹார்ட்டும் மிலித்சா லியூபிமோவாவும் கண்டது. தசையின் அமைப்புப் பொருள் என்று கருதப்பட்ட மயோசின்தான் எரிபொருளை எரிக்கும் நொதியும்கூட என்று அவர்கள் காட்டினார்கள். லியூபிமோவா எங்கல்ஹார்ட்டின் மனைவி. கணவனும் மனைவியும் ஒன்றாக எழுதினால் உலகம் யாரை எழுத்தாளராகவும் யாரை உதவியாளராகவும் படிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

‘ஆக்டின், மயோசின் என இரு புரதங்கள் உள்ளன.’ ஹங்கேரியின் செகெத் நகரம், போர்க்காலம். வைட்டமின் சி ஆய்வுக்காக நோபல் பெற்றிருந்த ஆல்பர்ட் சென்ட்-ஜ்யோர்ஜியின் ஆய்வகத்தில் இலோனா பங்கா வேலை செய்தார். மிளகாயிலிருந்து பெருமளவில் வைட்டமின் சி பிரித்தெடுத்த கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. முயல் தசையைக் கொத்தி உப்புக் கரைசலில் சிறிது நேரமே ஊறவிட்டு வடித்தால் நீர்த்த மயோசின் வந்தது. இரவு முழுக்க ஊறவிட்டு வடித்தால் கூழாகத் தடித்த ஒன்று வந்தது. ஏடிபி சேர்த்ததும் தடித்தது இளகியது. முதல் வகைக்கு மயோசின் ஏ, இரண்டாம் வகைக்கு மயோசின் பி என்று பெயரிட்டார்கள். ஏன் இந்த வேறுபாடு என்று தேடிப்போன புரூனோ ஸ்ட்ராவ்ப், இரவில் ஊறியபோது இன்னொரு புரதமும் கரைந்து வந்திருக்கிறது என்று கண்டார். அதுதான் ஆக்டின், 1942. அரைத்த மாவை இரவு விட்டுவைத்தால் காலையில் அது வேறொன்றாக இருக்கும் என்பது நம் வீடுகளில் யாருக்கும் வியப்பில்லை. பங்கா அந்த வேறுபாட்டை அளந்தார். வியப்பதோடு நின்றுவிடாமல் அளந்ததுதான் அறிவியல்.

‘கால்சியம் சுருக்கத்தைத் தொடங்கிவைக்கிறது.’ இது 1950களின் கடைசியிலும் 60களிலும் உறுதியானது. அமெரிக்காவில் அன்னமேரி வெபர், டோக்கியோவில் செத்சுரோ எபாஷி, இருவரும் தனித்தனியாக அதை நிறுவினார்கள். கால்சியம் ஒட்டிக்கொள்ளும் ட்ரோபோனின் என்ற புரதத்துக்கு வழிவகுத்த 1964ஆம் ஆண்டுக் கட்டுரையில் ‘எபாஷி, எபாஷி’ என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாவது எபாஷி, ஃபுமிகோ எபாஷி. செத்சுரோவின் மனைவி. ஒரே குடும்பப்பெயர் கொண்ட இரண்டு ஆண்கள் ஒருவராகிப் போனால் அது மாணவிக்கு வரும் குழப்பம், அதை யாராவது தீர்த்துவைப்பார்கள். ஒரே குடும்பப்பெயர் கொண்ட கணவனும் மனைவியும் ஒருவராகிப் போனால் குழப்பம் என்றே யாருக்கும் தோன்றாது.

இந்த வரலாறு முழுவதையும் ஒரே புத்தகமாக எழுதியவரும் ஒரு பெண்தான். டோரத்தி நீதம் 1971இல் வெளியிட்ட ‘மகினா கார்னிஸ்’. ‘தசையாலான பொறி’ என்று தமிழில் சொல்லலாம். கேம்பிரிட்ஜில் 1920களிலிருந்து தசையின் வேதியியலில் உழைத்தவர். 1948இல் ராயல் சொசைட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தர ஆரம்பித்ததும் அதே 1948இல்தான். சீன அறிவியல் வரலாற்றை எழுதிய ஜோசப் நீதமின் மனைவி என்று அவரைப் பலர் அறிவார்கள். நிரந்தரப் பணி அவருக்குக் கடைசிவரை இல்லை. ஓர் உதவித்தொகை முடிந்து அடுத்தது வரும்வரை காத்திருந்து, மறுபடி விண்ணப்பித்து என்றே ஆய்வு வாழ்க்கை முழுதும் போனது. கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் தோழிகள் எனக்கு உண்டு. இந்தப் பத்தியை எழுதும்போது அவர்கள் முகங்கள் வந்துபோயின.

இவ்வளவையும் தோழியிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: “பேரைச் சேர்த்துட்டா சரியாயிடுமா? ஒரு வரி கூடும். அதையும் மனப்பாடம் பண்ணிடுவாங்க.” அவள் சொன்னது எனக்குக் கொஞ்சம் வலித்தது. உண்மைதான். அவள் தன் முதலாமாண்டு மாணவிகளின் விடைத்தாள்களைக் காட்டினாள். தளர்ந்த சார்கோமியர், சுருங்கிய சார்கோமியர் என்று இரண்டு படங்கள் வரையச் சொல்லியிருந்தாள். பாகங்களின் பெயர்கள் எல்லாம் சரி. ஆனால் பல தாள்களில் இரண்டாவது படம் முதல் படத்தின் சிறு வடிவமாக இருந்தது. ஏ பட்டையும் சேர்ந்து சின்னதாகியிருந்தது. அதே தாளின் அடுத்த பக்கத்தில் ‘ஏ பட்டையின் நீளம் மாறுவதில்லை’ என்று அவர்களே எழுதியிருந்தார்கள். விடைக்குறிப்பின்படி படத்துக்கு ஒன்று, பாகங்களுக்கு ஒன்று. போட்டாக வேண்டும்.

இதில் சொல்லுக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘சுருங்குதல்’ என்று சொல்லிவிட்டு எதுவும் சுருங்கவில்லை என்று புரியவைப்பது கடினம். தமிழில் சுருக்கம் என்றால் முகத்தில் விழுவதும் அதுதான், ஆய்வேட்டின் கடைசியில் எழுதுவதும் அதுதான். தசைச் சுருக்கத்தைச் சுருக்கமாக விளக்குக என்று வினாத்தாளில் வருமே, அப்போதாவது யாராவது சிரித்திருப்பார்களா? ஆங்கிலத்திலும் இதே சிக்கல்தான். பழைய எண்ணத்தின் சொல் புதிய உண்மையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. மாற்றச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் அந்தச் சொல்லோடு ஒருமுறை சண்டை போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

தோழி அடுத்த முறை வினாவை மாற்றினாள். ‘நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஏ பட்டை குறுகியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இந்தக் கோட்பாட்டில் எதைக் கைவிட வேண்டும்?’ அன்று நூற்றுக்கு நூறு வாங்குகிறவள் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பாடம் நடத்தும் முறையையும் மாற்றினாள். கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்கள் கை தூக்குங்கள் என்றாள். சிலர் தூக்கினார்கள். ஒரு கை பிடித்திருக்கும்போதுதான் மறு கை விட முடியும். இரண்டையும் சேர்த்து விட்டால் வாளி உள்ளே போய்விடும். மயோசின் தலைகளும் அப்படித்தான் முறைவைத்துப் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி எட்டிப் பிடிக்கின்றன. கயிறு குட்டையாவதில்லை, வாளிதான் மேலே வருகிறது.

இந்த ‘விடுதல்’தான் பிள்ளைகள் தவறவிடும் இடம். ஏடிபி இழுப்பதற்கு வேண்டும் என்று எழுதுகிறார்கள். பிடித்ததை விடுவதற்கும் அது வேண்டும். புதிதாக ஓர் ஏடிபி வந்து ஒட்டினால்தான் மயோசின் தலை ஆக்டினை விடும். உயிர் போனபின் ஏடிபி வருவதில்லை, பிடித்தது பிடித்தபடி இறுகிவிடுகிறது. உடல் விறைப்பது அதனால்தான். எங்கள் ஊரில் சாவு வீட்டில் முதலில் நடப்பது தாடையைச் சேர்த்து நாடிக்கட்டுக் கட்டுவதும், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதும். அழுதுகொண்டிருக்கும் பெண்களுக்கு நடுவே, “விறைக்கறதுக்குள்ள கட்டுங்கடி” என்று அம்மாச்சி அதட்டுவது என் காதில் இருக்கிறது. விறைப்பு தாடையிலும் முகத்திலும்தான் முதலில் தெரியும், சுமார் இரண்டு மணி நேரத்தில். அம்மாச்சிக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. அந்த நேரக்கணக்கு தெரியும்.

இன்னொன்றையும் தோழியோடு பேசினேன். பாடத்தில் வரும் தசை யாருடையது? படத்தில் எப்போதும் மடக்கிய ஆண் கை. அக்கா மகள் அந்த வாரம் நடந்து நடந்து படித்ததில் இரண்டு நாள் வயிற்றில் வெந்நீர்ப் பையை அழுத்திக்கொண்டு படித்தாள். அவளைத் துன்புறுத்திக்கொண்டிருந்ததும் ஆக்டினும் மயோசினும் கால்சியமும்தான். கருப்பையின் வரியற்ற தசை இறுகும்போது அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன, வலிக்கிறது. அங்கே பட்டைகள் கிடையாது, ட்ரோபோனின் கிடையாது, கால்சியம் வேறு வழியில் வேலை செய்கிறது. ஆனால் இழைகள் சறுக்குவது அங்கும்தான். ஹான்சனே ஜேக் லோவியோடு சேர்ந்து பல ஆண்டுகள் சிப்பி இன உயிர்களின் வரியற்ற தசையை ஆராய்ந்தார். ஆக்டின் இழை இரண்டு புரியாக முறுக்கிய கயிறு என்பதை இருவரும் 1963இல் காட்டினார்கள். நம் பாடத்தில் வரியற்ற தசைக்குச் சில வரிகள். தன்னிச்சையாக இயங்காது, கதிர்க்கோல் வடிவம், முடிந்தது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் போகிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் அந்த ரத்தத்தை நிறுத்துவது கருப்பைத் தசைதான். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அதன் நார்கள் இறுகி, இடையே ஓடும் குழாய்களை முடிச்சுப் போடுவது போல் நெரிக்கின்றன. தளர்ந்து கிடந்தால் தாய் பிழைப்பது கடினம். பிரசவ அறையில் செவிலியர் அடிவயிற்றைப் பிசைந்து பிசைந்து கல் போல ஆகிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். எனக்கும் பார்த்தார்கள். அன்று நான் அந்த அம்மாவின் கையைத் தள்ளிவிட்டேன். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தசைச் சுருக்கத்துக்கு நான் ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்.

ஜீன் ஹான்சன் 1966இல் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். 1967இல் ராயல் சொசைட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1970இல் தசை உயிர் இயற்பியல் பிரிவின் இயக்குநரானார். 1973 ஆகஸ்டில், மூளையைத் தாக்கும் கொடிய தொற்று ஒன்றில் திடீரென்று இறந்துபோனார். வயது 53. சறுக்கும் இழைகளுக்காக நோபல் பரிசு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அவரைவிட 40 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்த ஹியூ ஹக்ஸ்லிக்கும் இல்லை. ஆகவே பரிசை வைத்து நான் வழக்காட வரவில்லை. பிந்தைய காலத்தில் ஹியூ ஹக்ஸ்லி தன் நினைவுகளை எழுதும்போதெல்லாம் ஹான்சனை எழுதியிருக்கிறார். உடன் உழைத்தவர் மறக்கவில்லை, சுருக்கி எழுதியவர்கள்தான் மறந்தார்கள்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. ஹான்சனை மட்டும் சொன்னேன். அரையாண்டில் அந்த வினா வரவில்லை, திருப்புதல் தேர்வில் வந்தது. விடையின் முதல் வரியில் நான்கு பெயர்களையும் எழுதியிருக்கிறாள். ஆசிரியை ‘ஜீன் ஹான்சன்’ என்பதைச் சிவப்பில் வட்டமிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, நாலரை கொடுத்திருந்தார். இவள் சும்மா இருப்பவளா? நான் எடுத்துக் கொடுத்த 1954ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போயிருக்கிறாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “பப்ளிக்ல புத்தகத்துல இருக்கறதையே எழுது, திருத்துறவங்க எல்லாரும் என்ன மாதிரி கூப்பிட்டுக் கேட்டுட்டு இருக்க மாட்டாங்க” என்றாராம். மதிப்பெண்ணை மாற்றவில்லை.

“அப்புறம்?” என்றேன்.

“அந்தத் தாளை மட்டும் வெச்சுட்டுப் போன்னாங்க, சித்தி. பி செக்‌ஷனுக்கு அந்தப் பாடம் இன்னும் நடத்தலையாம்.”